ரிப்போர்ட்டில் கேன்சர் இல்லை என்று வந்த பிறகும் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை எதற்கு?

கொங்குப் பகுதியிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய கணவருக்கு வயது 39. பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை. விடாத காய்ச்சல், பல் ஈறில் ரத்தக் கசிவு என்று மருத்துவமனைக்குப் போனவருக்கு ஏ.எம்.எல். என்கிற தீவிர ரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தது. இரண்டு சுற்று கீமோ முடிந்துவிட்டது. கடைசியாக எடுத்த எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையில் ‘ரெமிஷன்’ என்று வந்திருக்கிறது. ஆனாலும், மரபணுப் பரிசோதனையில் எஃப்.எல்.டி.3 என்ற மாற்றம் இருப்பதால் ஸ்டெம் செல் (ரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணு) மாற்று சிகிச்சை செய்துகொள்ளும்படி மருத்துவர்கள் சொல்கிறார்கள். தானம் பெறக் கணவரின் தம்பியுடைய செல்கள் முழுமையாகப் பொருந்தியிருக்கின்றன. கூடவே ஓர் ஆராய்ச்சியில் சேர விருப்பமா என்று கேட்டு ஒரு கட்டுத் தாளையும் கொடுத்திருக்கிறார்கள். மாற்று சிகிச்சைக்குப் பிறகு தரும் ஒரு மருந்தின் அளவைக் குறைத்தாலும் அதே பலன் கிடைக்குமா என்று பார்க்கும் ஆராய்ச்சி அது. யாருக்கு எந்த அளவு என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கல் முறையில் முடிவு செய்யும்.

“நோயே இல்லை என்று சொல்லிவிட்டு, உயிருக்கு ஆபத்தான சிகிச்சைக்கு ஏன் கூப்பிடுகிறார்கள்? என் கணவர் என்ன சோதனை எலியா? கொழுந்தனாருக்கு முதுகுத் தண்டில் ஊசி போட்டு எடுப்பார்களாம், அப்புறம் அவருக்குக் குழந்தை பிறக்காதாம். என் ஓரகத்தி அழுகிறாள். எங்கள் மகள் பிறந்தபோது தொப்புள்கொடி ரத்தத்தைப் பணம் கட்டிச் சேமித்து வைத்தோமே, அதைப் பயன்படுத்தினால் யாருக்கும் தொந்தரவு இல்லையே? பக்கவிளைவே இல்லாமல் ஸ்டெம் செல் ஊசி போடும் ஒரு சென்டரை உறவினர் ஒருவர் சொல்கிறார். அங்கே போகலாமா?” என்று கேட்டிருக்கிறார். கடைசியில் ஒரு வரி: “அவரிடம் கேன்சர் என்று சொல்லவில்லை. ரத்தத்தில் கிருமி என்று சொல்லி வைத்திருக்கிறோம். சொல்லக் கூடாது என்று மாமியார் சத்தியம் வாங்கியிருக்கிறார். அந்தத் தாளில் நானே கையெழுத்துப் போடலாமா?”

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசி வரியை நான் பல முறை படித்தேன். அதற்குக் கட்டாயம் வருகிறேன். அதற்கு முன் மற்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தப் பதில்கள் உங்களுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அவருக்கும் போய்ச் சேர வேண்டியவை.

ரெமிஷன் என்றால் என்ன

ரெமிஷன் என்ற சொல்லை ‘நோய் போய்விட்டது’ என்று புரிந்துகொண்டிருக்கிறீர்கள். பெரும்பாலான குடும்பங்கள் அப்படித்தான் புரிந்துகொள்கின்றன. மருத்துவர்களாகிய நாங்களும் அவசரத்தில் அந்தச் சொல்லை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது மஜ்ஜையில் நூறு அணுக்களுக்கு ஐந்துக்கும் குறைவாகவே முதிராத அணுக்கள் இருக்கின்றன, ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் தேறி வந்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள். கண்ணுக்குத் தெரியாத அளவில் புற்றணுக்கள் கோடிக்கணக்கில் ஒளிந்திருக்கலாம். வயலில் களையை அறுத்துவிட்டால் மேலே பச்சை தெரியாது. வேர் கிடக்கிறதா இல்லையா என்பது அடுத்த மழைக்குத்தான் தெரியும். எஃப்.எல்.டி.3 மாற்றம் உள்ள நோயில் அந்த வேர் திரும்பத் துளிர்க்கும் வாய்ப்பு அதிகம். மீண்டும் வந்தால் கட்டுப்படுத்துவது முதல் முறையைவிடப் பல மடங்கு கடினம்.

ரெமிஷனில் இருப்பதனால்தான் இப்போதே செய்யச் சொல்கிறார்கள். நோய் அடங்கியிருக்கும்போது செய்த மாற்று சிகிச்சையின் பலன், நோய் கொதித்துக்கொண்டிருக்கும்போது செய்ததைவிட நன்றாக இருக்கும். முதல் ரெமிஷனில் யாருக்கு மாற்று சிகிச்சை உதவுகிறது என்பதைப் பற்றி 2009-இல் ஒரு பெரிய அலசல் வெளிவந்தது. 24 ஆய்வுகள், ஏறத்தாழ 6,000 நோயாளிகள். நடுத்தர அபாயமும் அதிக அபாயமும் உள்ள ஏ.எம்.எல். நோயாளிகளுக்கு மாற்று சிகிச்சையால் ஆயுள் கூடியது. குறைந்த அபாயம் உள்ளவர்களுக்கு அப்படிப் பலன் தெரியவில்லை. அதாவது எல்லோருக்கும் இதைச் செய்யச் சொல்வதில்லை. மரபணு அறிக்கையைப் பார்த்துத்தான் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

தம்பியின் அணுக்கள் செய்யும் வேலை

பழுதான மஜ்ஜையை எடுத்துவிட்டுப் புதிய மஜ்ஜையைப் பொருத்துவது என்றுதான் பலரும் இதை நினைக்கிறார்கள். தொடக்கத்தில் மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அமெரிக்காவில் டோனல் தாமஸ் என்ற மருத்துவர் 1957-இல் ஆறு நோயாளிகளுக்குப் பிறருடைய மஜ்ஜையைச் செலுத்தியதைப் பதிவு செய்தார். ஒருவர்கூட நூறு நாளைத் தாண்டவில்லை. அவர் விடவில்லை. 1977-இல், வேறு வழியே இல்லாத நூறு லுகேமியா (ரத்தப் புற்றுநோய்) நோயாளிகளின் கதையை அவருடைய குழு வெளியிட்டது. அதில் 13 பேர் நோயின்றி உயிரோடு இருந்தார்கள். பதின்மூன்று என்பது இன்று சின்ன எண்ணாகத் தெரியலாம். அன்றைக்கு அவர்கள் அத்தனை பேரும் கைவிடப்பட்டவர்கள். 1990-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் காலத்து அனுபவத்திலிருந்து ஒரு விசித்திரமான உண்மை தெரியவந்தது. அச்சு அசலாக ஒத்திருக்கும் இரட்டையரிடமிருந்து தானம் பெற்றவர்களுக்கு நோய் திரும்ப வருவது அதிகமாக இருந்தது. சாதாரண உடன்பிறப்பிடம் பெற்றவர்களுக்குக் குறைவு. ஒத்த இரட்டையர் என்றால் எல்லாமே பொருந்துகிறதே, பலன் இன்னும் நன்றாகத்தானே இருக்க வேண்டும்? காரணம் இதுதான்: தானம் தந்தவரின் வெள்ளை அணுக்கள், எஞ்சியிருக்கும் புற்றணுக்களை அந்நியர் என்று கண்டுகொண்டு தாக்குகின்றன. இரட்டையரின் அணுக்களுக்கு அந்த வித்தியாசம் தெரிவதில்லை. உங்கள் கொழுந்தனாரின் அணுக்கள் வெறும் உதிரி பாகம் இல்லை, சகோதரி. அவைதான் மருந்தே.

அதே அணுக்கள் உங்கள் கணவரின் தோல், குடல், கல்லீரலையும் அந்நியம் என்று நினைத்துத் தாக்கினால் அதை ஜி.வி.எச்.டி. என்கிறோம். உடலில் அரிப்போடு தடிப்பு, விடாத பேதி, மஞ்சள் காமாலை என்று வரலாம். சிலருக்கு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வாய் வறட்சி, கண் உறுத்தல், மூட்டு இறுக்கம் என்று நீளும். புற்றுநோயைத் தாக்க வேண்டும், ஆளைத் தாக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் வழி தேடுவதுதான் ஐம்பது ஆண்டுகளாக இந்தத் துறையின் ஆராய்ச்சி. உங்கள் கையில் இருக்கும் தாள்களும் அதைப் பற்றியவைதான்.

கொழுந்தனாருக்கும் ஓரகத்திக்கும்

இந்தப் பகுதியை அவர்களிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள். முதுகுத் தண்டுக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் சம்பந்தமே இல்லை. தண்டுவடம் நரம்பு, மஜ்ஜை எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடம். மஜ்ஜையாகவே எடுத்தாலும் மயக்க மருந்து கொடுத்து இடுப்பு எலும்பின் பின்பக்கத்திலிருந்துதான் எடுப்பார்கள். பெரும்பாலும் இப்போது அதுவும் இல்லை. நான்கைந்து நாள் தோலுக்கடியில் ஓர் ஊசி போடுவார்கள். மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்கள் ரத்தத்துக்கு இறங்கி வரும். பிறகு, பிளேட்லெட் தானம் போல, ஒரு மெஷினில் நான்கைந்து மணி நேரம் படுத்திருந்தால் தேவையான செல்களை மட்டும் பிரித்துக்கொண்டு மீதி ரத்தம் உடலுக்கே திரும்பிவிடும். சிலருக்கு இரண்டாவது நாளும் வர வேண்டியிருக்கும்.

ஊசி போடும் நாட்களில் இடுப்பும் முதுகும் வலிக்கும், காய்ச்சல் போல இருக்கும், தலை வலிக்கும். பாராசிட்டமால் போதும். மிக அரிதாகப் பெரிய சிக்கல்கள் வந்திருக்கின்றன. அதனால்தான் தானம் தருபவருக்கும் முழுப் பரிசோதனை செய்து, தகுதி இருந்தால் மட்டும் எடுக்கிறார்கள். இழந்த செல்களை உடல் சில வாரங்களில் ஈடுகட்டிக்கொள்ளும். குழந்தை பிறப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. கனமான வேலை செய்ய முடியாமல் போகும் என்பதும் தவறு.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அவருக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை உண்டு. அவரைத் தனியாக ஒரு மருத்துவரிடம் பேச விடுங்கள், ஓரகத்தியையும் கூட அனுப்புங்கள். பயத்தோடு தலையாட்டிவிட்டு, உங்கள் கணவரின் மஜ்ஜையை மருந்தால் அழித்த பிறகு பின்வாங்கினால் அது உயிருக்கே ஆபத்து. தயக்கம் இருந்தால் இப்போதே தெரியட்டும். ஓர் உடன்பிறப்பு முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புத்தான். அப்படிப் பொருந்திய தம்பி கிடைத்திருக்கிறார். அவரை அதட்டிச் சம்மதிக்க வைப்பதைவிடப் புரியவைத்துச் சம்மதம் பெறுவதே நல்லது.

தொப்புள்கொடி ரத்தமும் அந்த சென்டரும்

மகளின் தொப்புள்கொடி ரத்தம் இதற்கு உதவாது. பிள்ளையின் செல்கள் தகப்பனுக்குப் பொதுவாகப் பாதிதான் பொருந்தும். ஒரு பையில் இருக்கும் செல்களின் எண்ணிக்கை, வளர்ந்த ஆணின் எடைக்குப் பெரும்பாலும் பற்றாது. முழுதாகப் பொருந்திய தம்பி இருக்கும்போது அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. இன்ஷூரன்ஸ் போல என்று சொல்லி அதை உங்களிடம் விற்றிருப்பார்கள். தனியார் வங்கிகளில் இப்படிச் சேமிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். பரிந்துரைக்கவில்லை. போன பணத்தை நினைத்து வருந்த வேண்டாம். பிள்ளையின் மேல் இருந்த அக்கறையில் செய்தது.

அந்த ‘ஸ்டெம் செல் ஊசி’ சென்டருக்குத் தயவுசெய்து போகாதீர்கள். ஐ.சி.எம்.ஆர். 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நம் நாட்டில் வழக்கமான சிகிச்சையாக ஏற்கப்பட்ட ஸ்டெம் செல் சிகிச்சை, ரத்த நோய்களுக்கும் அவை போன்ற சிலவற்றுக்கும் செய்யும் மஜ்ஜை மாற்று வகை மட்டுமே. மற்றவை எல்லாம் அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்குள் மட்டும் நடக்க வேண்டும். அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. ஆராய்ச்சி என்று உங்களிடம் சொல்லிக் கையெழுத்துக் கேட்கும் இடத்தைக் கண்டு பயப்படுகிறீர்கள். ஆராய்ச்சி என்ற பேச்சே எடுக்காமல் லட்சக்கணக்கில் பணம் கேட்கும் இடத்தை நம்பத் தோன்றுகிறது. பயம் இடம் மாறி நிற்கிறது, அம்மா. பக்கவிளைவே இல்லை என்கிறார்களே, அந்தப் பேச்சே சந்தேகத்துக்குப் போதும்.

சோதனை எலி என்ற பயம்

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

மாற்று சிகிச்சை முடிந்த மூன்றாவது, நான்காவது நாளில், உங்கள் தாளில் உள்ள சைக்ளோபாஸ்ஃபமைடு என்ற மருந்தைக் கொடுப்பது ஜி.வி.எச்.டி.யைத் தடுக்கும் ஒரு முறை. புது மருந்து இல்லை. விலையும் அதிகம் இல்லை. பாதிப் பொருத்தமுள்ள உறவினரிடமிருந்து தானம் பெற வழிதேடிய அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை மருத்துவர்கள் வளர்த்தெடுத்த முறை இது. 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 431 நோயாளிகள் பங்கேற்றார்கள், பெரும்பாலோர் வயதில் மூத்தவர்கள். கடுமையான ஜி.வி.எச்.டி.யும் இல்லாமல், நோயும் திரும்பாமல் ஓராண்டைக் கடந்தவர்கள் இந்த மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 53 பேர்; பழைய முறையில் 35 பேர். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் உடன்பிறப்பு தானத்தில் நடந்த ஆய்வும் இந்த மருந்துக்குச் சாதகமாகவே முடிந்தது. ஆனால் மருந்து கடுமையானது. சிறுநீர்ப்பையில் ரத்தம் கசியலாம், இதயத்தைப் பாதிக்கலாம், புதிய மஜ்ஜை பிடிப்பது தாமதமாகலாம், கிருமித் தொற்றும் கூடலாம். அதனால் அளவைக் குறைத்துப் பார்ப்போமா என்று கேட்பது நியாயமான கேள்வி. இரண்டு பிரிவில் எதில் விழுந்தாலும் உங்கள் கணவருக்கு மருந்து உண்டு. வெறும் கையோடு யாரையும் விடும் ஆராய்ச்சி இல்லை என்பதைக் கவனியுங்கள்.

“எது நல்லதோ அதை மருத்துவரே தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாமே, குலுக்கல் எதற்கு?” என்று உங்களுக்குத் தோன்றும். எது நல்லது என்று இன்னும் யாருக்கும் தெரியாது என்பதுதான் காரணம். தெரிந்ததாக நினைத்துச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதே துறையில் ஒரு வேதனையான கதை இருக்கிறது. 1990-களில் அமெரிக்காவில், முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு மிக அதிக அளவு கீமோ கொடுத்து, பெண்ணின் சொந்த ஸ்டெம் செல்களையே திருப்பிச் செலுத்தும் முறை பரவியது. அதிக மருந்து என்றால் அதிக பலன் இருக்கும்தானே என்று எல்லோரும் நம்பினார்கள். இன்ஷூரன்ஸ் தர மறுத்தபோது பெண்கள் நீதிமன்றம் வரை போய் வாங்கினார்கள். குலுக்கல் ஆய்வுக்கு ஆள் சேர்க்கவே பாடுபட வேண்டியிருந்தது. பாதி வாய்ப்பில் சாதாரண சிகிச்சை கிடைத்துவிடுமோ என்று யாருக்கும் மனம் வரவில்லை. பல்லாயிரம் பெண்கள் அந்த வேதனையை அனுபவித்த பிறகு, ஒழுங்காக நடந்த ஆய்வுகளின் முடிவுகள் 1999, 2000-இல் வந்தன: ஆயுள் கூடவில்லை. சாதகமான முடிவு காட்டிய தென்னாப்பிரிக்க மருத்துவர் வெர்னர் பெஸ்வோடாவின் ஆய்வை நேரில் போய்ச் சரிபார்த்தபோது அது நேர்மையற்றது என்று தெரிந்தது. அந்தச் சிகிச்சை அத்தோடு ஓய்ந்தது. குலுக்கலுக்குப் பயந்ததால் நேர்ந்த இழப்பு அது. நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது இதைப் படித்தேன். இன்றும் ஒரு சிகிச்சையை ‘கண்டிப்பாகப் பலிக்கும்’ என்று சொல்ல என் வாய் கூசும்.

இதைச் சொல்வதால் ஆராய்ச்சியில் கட்டாயம் சேருங்கள் என்று அர்த்தமில்லை. கூடுதல் ரத்தப் பரிசோதனைகள் இருக்கும், அடிக்கடி வர வேண்டியிருக்கும், குறைந்த அளவு மருந்து போதாமல் போகும் வாய்ப்பும் இருக்கிறது. சேர மறுத்தால் வழக்கமான சிகிச்சை குறையாமல் கிடைக்க வேண்டும். சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே விலகலாம். ஆராய்ச்சியால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டா, அதற்கு யார் பொறுப்பு என்பது அந்தத் தாளில் எழுதியிருக்க வேண்டும். நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண்ணும், சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டின் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு எண் இல்லையென்றால் கேள்வி கேளுங்கள்.

ஆபத்தை மறைக்க மாட்டேன்

மாற்று சிகிச்சை சின்ன விஷயம் இல்லை. உடன்பிறப்பு தானத்தில், முதல் ரெமிஷனில்கூட, சிகிச்சையின் சிக்கல்களாலேயே நூறில் ஏறத்தாழ பத்து முதல் இருபது பேரை இழக்கிறோம். மருத்துவமனைக்கு மருத்துவமனை, ஆளுக்கு ஆள் இது மாறும். உங்கள் மருத்துவமனையின் சொந்தக் கணக்கைக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு, மூன்று வாரம் வெள்ளை அணுக்கள் இல்லாமல் தனி அறையில் இருப்பார். பிறகு நூறு நாள் வரையாவது மருத்துவமனைக்குப் பக்கத்தில் வீடு எடுத்துத் தங்க வேண்டியிருக்கும். சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளை எல்லாம் குழந்தைக்குப் போடுவதுபோல முதலிலிருந்து போட வேண்டும். தம்பியின் ரத்தப் பிரிவு வேறாக இருந்தால் உங்கள் கணவரின் ரத்தப் பிரிவும் அதற்கு மாறிவிடும். பயப்பட வேண்டாம், அது நல்ல அறிகுறி.

பணத்தைப் பற்றி: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு இடம் உண்டு. மருத்துவமனையின் சமூகப் பணியாளரை இந்த வாரமே பாருங்கள். தாள்கள் நகர நேரம் பிடிக்கும். மருத்துவரிடம் மேலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். ரெமிஷனுக்குப் பிறகு மிச்சமிருக்கும் புற்றணுக்களைத் தேடும் எம்.ஆர்.டி. என்ற நுண்ணிய பரிசோதனை செய்தார்களா? மாற்று சிகிச்சைக்குப் பிறகு எஃப்.எல்.டி.3-க்கான மாத்திரை உண்டா? இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், விந்தணுவைச் சேமிக்க இப்போதும் வழி இருக்கிறதா? மூன்றாவது கேள்வியைக் கூச்சத்தால் விட்டுவிடுகிறார்கள். மாற்று சிகிச்சைக்குப் பின் கேட்டுப் பயனில்லை.

கையெழுத்து

அந்தத் தாளில் நீங்கள் கையெழுத்துப் போட முடியாது. நினைவோடு, புரிந்துகொள்ளும் நிலையில் இருக்கும் ஒருவருக்காக மனைவியோ தாயோ ஆராய்ச்சிக்குச் சம்மதம் தருவதை விதிகள் ஏற்பதில்லை. மாற்று சிகிச்சைக்கும் அவருடைய சம்மதம்தான் வேண்டும். நோயின் பெயரே தெரியாதவர் எதற்குச் சம்மதிப்பார்?

ஆனால் விதியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அவர் வாரக்கணக்கில் புற்றுநோய் வார்டில் படுத்திருந்தவர். முடி கொட்டியிருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரர்கள் பேசியிருப்பார்கள், கையில் போனும் இருக்கிறது. அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். நாங்கள் பக்குவமாகச் சொல்லத் தொடங்கும்போது, “முதல் வாரமே தெரியும் டாக்டர், அவ தாங்கமாட்டான்னுதான் கேட்கல” என்று சொன்ன கணவர்களைப் பார்த்திருக்கிறேன். இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்து, ஒரே அறையில் தனித்தனியாகப் பயந்துகொண்டிருப்பார்கள்.

மாமியாரை மீறிச் சொல்லுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவரையும் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அவர் கேட்ட சத்தியம் மகனின் உயிர் மேல் இருக்கும் பயத்தில் கேட்டது. இனி வரும் சிகிச்சையில் மகன் காய்ச்சல் வந்த அந்த மணி நேரமே சொல்ல வேண்டும், மாத்திரை ஒன்றைக்கூட விடக் கூடாது, கிருமி என்று நினைத்துக்கொண்டிருப்பவரால் அப்படி மாதக்கணக்கில் இருக்க முடியாது என்று மருத்துவரே அந்த அம்மாவுக்கு எடுத்துச் சொல்லட்டும். பிறகு கணவரிடம் பேசும்போது ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். “உங்களுக்கு என்ன நோய் என்று நினைக்கிறீர்கள்?” என்று மருத்துவர் முதலில் கேட்கட்டும். அவர் பதில் சொல்லும் வரை யாரும் குறுக்கே பேச வேண்டாம். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

அந்தப் பேச்சு முடிந்த பிறகு தாள்களை அவர் கையில் கொடுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க அவருக்கு உரிமை உண்டு. தமிழில் இல்லையென்றால் தமிழில் கேளுங்கள், கொடுத்தாக வேண்டும்.